மூன்றடியில் நிற்கும் வெளிச்சம்

டார்ச்சை அழுத்தினால் வெளிச்சம் எதிர்ச்சுவர் வரை போகும். சுவர் இல்லாவிட்டால் வானம் வரை போகும். நடுவழியில், மூன்றடி தூரத்தில் நின்றுவிடுகிற டார்ச்சை யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அதுதான் நடக்கிறது. வீரன் கையிலிருக்கும் உலோகப் பிடியின் பொத்தானை அமுக்குகிறான். வெளிச்சம் ஒரு கோலாக எழுந்து, சுமார் மூன்றடியில் நின்று, எதிராளியின் வெளிச்சக் கோலோடு மோதுகிறது. படம் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த ஒளிவாளை எப்படியாவது தன் கையால் செய்துவிட வேண்டும் என்று உதிரிப் பாகங்களோடும் சால்டரிங் இரும்போடும் உட்காருகிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். புதிதாக இறங்குகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் எந்த எல்இடி, எந்த பேட்டரி, எந்த சவுண்ட் போர்டு என்றுதான். கேள்வி தப்பான முனையிலிருந்து தொடங்குகிறது என்பது என் கட்சி. வெளிச்சத்தை உண்டாக்குவது இன்று மிகச் சுலபம். உண்டாக்கிய வெளிச்சத்தை மூன்றடி நீளத்துக்கும் சமமாகச் செலவழிப்பதுதான் கஷ்டம். ஆகவே முதல் வாளைப் பிடியிலிருந்து யோசிக்காமல், அதன் அலகாக நிற்கப்போகும் குழாயிலிருந்து யோசிக்க வேண்டும்.

ஒளியைப் பற்றிய ஒரு அடிப்படை உண்மையை முதலில் பார்த்துவிடலாம். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒளிக்கற்றை என்ற ஒன்று தெரியவே தெரியாது. ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் நுழையும் வெயில் பளிச்சென்று ஒரு தூணாகத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த வெயிலில் மிதக்கும் தூசி. தூசியில் பட்டுத் திசை மாறி நம் கண்ணுக்குள் வந்த ஒளியைத்தான் நாம் பார்க்கிறோம். தன் வழியே நேராகப் போன ஒளி நம்மை வந்து சேரவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் இதைச் சோதித்துக் காட்டினார்: தூசியே இல்லாமல் செய்த காற்றில் ஒளிக்கற்றை இருட்டாகிவிட்டது. மேடை நிகழ்ச்சிகளில் லேசர் போடும்போது கூடவே புகை விடுவதும் இதனால்தான். எனவே வாள் என்று எதிரே நிற்பவர் பார்க்கப் போவது, வழி தவறிய ஒளியை மட்டுமே. இந்த வழி தவறுதலுக்கு ஒளிச்சிதறல் என்று பெயர். வாள் செய்வது என்றால் சிதறலைத் திட்டமிடுவது என்று பொருள்.

ஒளியையே கெட்டியாக்கிவிட முடியாதா என்று கேட்பவர் உண்டு. கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2013-இல் ஹார்வர்டின் மிகைல் லூகின், எம்ஐடியின் விளாதன் வுலெடிச் ஆகியோரின் குழு, கடுங்குளிரில் வைத்த ருபீடியம் அணுக்கூட்டத்துக்குள் ஃபோட்டான்களை அனுப்பி, அவை ஒன்றோடொன்று இணைந்து செல்வதைக் கண்டது. ஒளிவாள் உண்மையாகிவிட்டது என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. சாதாரணமாக ஒரு டார்ச் வெளிச்சம் இன்னொன்றை ஊடுருவிக்கொண்டு எதுவும் நடக்காதது போலப் போய்விடும்; அந்தக் குணத்தை மாற்றிக் காட்டியது பெரிய சாதனைதான். ஆனால் ஃபோட்டான்களை அங்கே சேர்த்து வைத்தது இடையிலிருந்த அணுக்கூட்டம். அதை விட்டு வெளியே வந்த ஒளிக்கு மூன்றடியில் நிற்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. புரொப்பேனையும் ஆக்சிஜனையும் எரித்து நீண்ட சுவாலையை வாள்போல நிறுத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எரிவாயுக் கலன் முதுகில் தொங்கும் அந்தச் சாதனத்தைத் தொடக்கநிலை வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சினிமாக்காரர்களும் ஒளியை நிறுத்தவில்லை. 1977 படத்தில் நாயகனின் பிடியைப் பழைய கிராஃப்ளெக்ஸ் பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியிலிருந்து செய்தார்கள். அலகு வெறும் மரக்குச்சி. சாலைப் பலகைகளில் ஒட்டுவது போன்ற ஸ்காட்ச்லைட் பூச்சை அதன் மேல் கொடுத்து, மோட்டாரால் சுழல விட்டார்கள். அந்தப் பூச்சில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். மீள்திசை எதிரொளிப்பு என்று இதைச் சொல்லலாம். கேமராவின் பார்வைக் கோட்டோடு ஒட்டினாற்போல் விளக்கைப் போட்டால், குச்சி மட்டும் கேமராவுக்கு எரிவது போலத் தெரியும். அறையில் வேறொரு மூலையில் நிற்பவருக்கு அது மங்கலான குச்சிதான். பிறகு ஓவியர்கள் ஒவ்வொரு சட்டகமாக அதன் மேல் ஒளியை வரைந்தார்கள். வரைந்த ஒளிக்கு ஒரு குறை உண்டு. நடிகரின் முகத்திலோ பின்னால் இருக்கும் சுவரிலோ அது விழாது. 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்துக்கு எல்இடி பொருத்திய உண்மையான ஒளிக்குழாய்களைப் படப்பிடிப்பிலேயே பயன்படுத்தியதற்கு இதுதான் காரணம். ஆர்வலர்கள் வீட்டில் செய்துகொண்டிருந்த முறைக்கு இப்படியாகச் சினிமாவே வந்து சேர்ந்தது.

இனி குழாய். பொதுவாகப் பயன்படுவது ஓர் அங்குல வெளிவிட்டமுள்ள பாலிகார்பனேட் குழாய். கையில் வைத்துச் சுழற்ற மட்டும் என்றால் 1.6 மில்லிமீட்டர் சுவர்த் தடிமன் போதும். மோதி விளையாட 3.2 மில்லிமீட்டர் வேண்டும். அக்ரிலிக் இன்னும் தெளிவானது, கடைகளில் எளிதில் கிடைப்பது. ஆனால் ஓங்கி அடித்தால் கூரிய சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். காவல்துறையின் தடுப்புக் கேடயங்கள் இந்தப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவது அதனால்தான். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: இதை அசிட்டோன் போட்டுத் துடைக்கக் கூடாது, பரப்பு வெளுத்து, மயிரிழை வெடிப்புகள் விடும்.

இப்படி ஒரு வெற்றுக் குழாயை இருட்டறையில் எடுத்து, அடியில் கூர்மையான டார்ச்சை வைத்துப் பாருங்கள். நுனியில் ஒரு வட்டம் கண்ணைக் கூசவைக்கும். அடியோரத்தில் கொஞ்சம் பளபளப்பு தெரியும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சுவர் முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தும் ஒளி ஏன் வெளியே வரவில்லை? நிறைய ஒளி சுவரைத் தொடாமலே நேராக நுனிக்குப் போய்விடுகிறது. சுவரில் படும் ஒளியும் அதை உரசினாற்போல், மிகச் சாய்ந்த கோணத்தில் படுகிறது. அந்தக் கோணத்தில் தெளிவான கண்ணாடியும் பாதரசம் பூசியது போல நடந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி, ஓரமாகப் பார்த்தால் வெளியே இருப்பது மறைந்து எதிரொளிப்பு மட்டும் தெரிகிறதல்லவா, அதே விளைவு. பளபளப்பான குழாய் ஒளியைக் கொண்டுசேர்ப்பதில் கெட்டி. நமக்கு வேண்டியதோ, போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும் குழாய்.

ஒழுக வைக்கக் குழாயின் உட்சுவரை ஒட்டிச் சிதறல் தாள் ஒன்றைச் சுருட்டிச் செருகுவார்கள். எல்சிடி டிஸ்ப்ளேக்களில் வரும் பால்நிறப் படலம் ஒருவகை. பரிசுப் பொருள் சுற்றும் செலோஃபன் தாளைக் கசக்கித் திணிப்பது இன்னொரு வகை. தாளில் படும் ஒளியில் ஒரு பங்கு திசை மாறி வெளியேறும். மீதி மேலே போகும். இங்கேதான் வாய்க்கால் பாசனத்தின் பழைய வழக்கு தலைகாட்டுகிறது. எல்லா மடையையும் ஒரே அளவு திறந்துவிட்டால் தலைமடை வயலில் தண்ணீர் நிற்கும், கடைமடை காயும். கணக்காகவே பார்க்கலாம். குழாயைப் பத்துத் துண்டாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் தனக்கு வந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கை வெளியே விடுகிறது. அடியில் 100 அளவு ஒளி நுழைந்தால் முதல் துண்டு 10 விடும், இரண்டாவது 9, மூன்றாவது 8.1. இப்படியே குறைந்து பத்தாவது துண்டுக்கு 3.9 அளவே கிடைக்கும். அடி, நுனியைப் போல இரண்டரை மடங்கு பிரகாசம். அதே சமயம் 35 அளவு ஒளி யாருக்கும் பயன்படாமல் நுனி வழியாக மேற்கூரைக்குப் போய்விட்டது. இன்னும் அடர்த்தியான தாளைப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: ஒவ்வொரு துண்டும் பத்தில் இரண்டு பங்கு விட்டால் அடியில் 20, நுனியில் 2.7. புதிதாகச் செய்பவரின் வாள் பிடியருகே மட்டும் எரிந்து மேலே மங்குவதற்கு எல்இடியின் பலவீனத்தைவிடத் தாளின் தாராளம்தான் பெரும்பாலும் காரணம்.

தீர்வு மலிவானது. நுனி மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு எதிரொளிப்புத் தகட்டை வைத்தால் போதும். கடைமடையில் தேக்கித் திருப்பி விட்ட தண்ணீர் போல அந்த 35 அளவு ஒளியும் மறுபடி குழாய் வழியே இறங்கும். மேலே போட்ட கணக்கையே தொடர்ந்தால், இறங்கும் ஒளியில் நுனித் துண்டு 3.5 பெறுகிறது, அடித் துண்டு 1.4 பெறுகிறது. இரண்டு வழி ஒளியையும் கூட்டினால் நுனி 7.4, நடு 8.6, அடி 11.4. வித்தியாசம் இரண்டரை மடங்கிலிருந்து ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. தகடும் தாளும் விழுங்கும் ஒளியை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை, ஆகவே நிஜக் குழாய் இவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் கண் நமக்கு உதவிக்கு வருகிறது. பிரகாசம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு அது இரண்டு மடங்காகத் தோன்றுவதில்லை. அதிலும் மூன்றடி நீளத்தில் படிப்படியாக ஏறும் ஒன்றரை மடங்கைப் பெரும்பாலானோர் கவனிப்பதேயில்லை. கண்ணின் இந்தத் தாராளம் ரசிக்க நல்லது, சோதிக்க ஆகாது. தாளை மாற்றிப் பார்க்கும்போது கைபேசிக் கேமராவின் எக்ஸ்போஷரை ஒரே அளவில் பூட்டிவைத்து, அதே தூரத்திலிருந்து படமெடுத்து ஒப்பிட வேண்டும். தானியங்கி அளவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தன்னை மாற்றிக்கொண்டு, இரண்டு தாளும் ஒன்றுபோல என்று பொய் சொல்லும்.

குழாய் முடிந்த பிறகுதான் எல்இடி. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்சுற்றையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. எல்இடியின் குறைகடத்திப் பொருளில் எலெக்ட்ரான் ஓர் ஆற்றல் படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வெளியேறுகிறது. படியின் உயரத்துக்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். உயரம் குறைவென்றால் சிவப்பு, கூடுதலென்றால் நீலம். எலெக்ட்ரானை மேற்படிக்கு ஏற்றுவது பேட்டரியின் வேலை என்பதால் நீலத்துக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. 1962-லேயே சிவப்பு எல்இடி வந்துவிட, பிரகாசமான நீலம் வர 1990-கள் வரை ஆனதற்கு அந்த உயரமான படிக்கேற்ற படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கடினமாக இருந்ததே காரணம். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் படி வித்தியாசத்தை வீட்டு மேஜையிலேயே பார்க்கலாம். மல்டிமீட்டரை டயோடு சோதிக்கும் நிலையில் வைத்து முனைகளைத் தொட்டால், சிவப்பு எல்இடி மெல்ல ஒளிரும். பல சாதாரண மீட்டர்களில் நீலம் கண் திறக்காது, மீட்டர் தரும் வோல்ட் அதற்குப் போதாது.

ஒளிவாள்களில் வைக்கும் திறன்மிகு சிவப்பு எல்இடி சுமார் 2.2 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் வரை எடுக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3.2 வோல்ட் அளவு. பிடிக்குள் வழக்கமாகப் போடும் 18650 லித்தியம் செல் முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் தருகிறது. பழைய குண்டு பல்பாக இருந்தால் வோல்ட் கொஞ்சம் கூடினால் வெளிச்சமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எல்இடி அப்படியில்லை. தன் அளவைத் தாண்டி வோல்ட் பத்தில் சில பங்கு கூடினாலே மின்னோட்டம் எக்கச்சக்கமாக ஏறும், ஏறினால் சூடாகும், சூடானால் இன்னும் எளிதாக மின்னோட்டத்தை விடும். இந்தச் சுழலில் சிவப்பு எல்இடி சில நொடிகளிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு மிச்சமுள்ள 2 வோல்ட்டை அது தின்னும்படி செய்ய வேண்டும். சிவப்புக்கு 2 ஓம், நீலத்துக்கு 1 ஓம் என்பது நடைமுறையில் ஒத்துவரும் அளவு. சிவப்பு வாளின் ரெசிஸ்டர் 2 வாட் வெப்பம் கக்கும், ஆகவே ரேடியோவில் இருக்கும் குட்டி ரெசிஸ்டர் இங்கே கருகிவிடும்; 5 வாட் தாங்கும் தடித்த ரகம் வேண்டும். எல்இடியின் அடித்தகடும் அலுமினியப் பிடியோடு நன்றாக ஒட்டி, சூட்டைக் கடத்தியாக வேண்டும். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்கக் கூடாது, ஹோல்டர் இருக்கிறது. பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லாகவே வாங்குங்கள், பிடிக்குள் தளர்ந்த ஒரு கம்பி உலோகச் சுவரைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, குழாய் நெடுக எல்இடி பட்டையையே வைத்துவிட்டால் ஒழுகல் கணக்கே வேண்டாமே என்பது வலுவான மறுப்பு. பிக்சல் அலகு என்று இதைச் சொல்கிறார்கள். மீட்டருக்கு 144 எல்இடி வீதம் இரண்டு பட்டைகளை முதுகோடு முதுகாக ஒட்டிக் குழாய்க்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், அவற்றை ஆளும் ஒரு நுண்சில்லும் இருக்கும். வாள் அடியிலிருந்து நுனிக்கு ஊர்ந்து எழுவதும், அடிபட்ட இடம் மட்டும் மின்னுவதும் இதில் சாத்தியம்; அடியில் ஒரே விளக்கு வைத்த வாளால், அதாவது அடியொளி வாளால், இதைச் செய்யவே முடியாது. அழகுப் போட்டியில் பிக்சலுக்கே பரிசு, மறுப்பதற்கில்லை.

ஆனால் தொல்லை தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. ஒளியிலிருந்து மின்சாரத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றடி அலகில் சுமார் 260 எல்இடிகள். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது என்றால் மொத்தம் 15 ஆம்பியரைத் தாண்டுகிறது. ஒற்றை லித்தியம் செல் அந்த எல்இடிகள் எதிர்பார்க்கும் 5 வோல்ட்டைத் தருவதில்லை என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். இருந்தாலும் பல ஆம்பியர்கள்தான். அத்தனையும் பட்டையின் மெல்லிய செப்புத் தடத்தில் ஓடுகிறது. செப்புக்கும் மின்தடை உண்டு, ஒவ்வொரு அங்குலத்திலும் கொஞ்சம் வோல்ட் தொலைகிறது, நுனிக்குப் போய்ச் சேர்வது மிச்சம். கடைமடை மறுபடியும் காய்கிறது! இந்த முறை அது மங்கலாக மட்டும் காய்வதில்லை. நீலத்துக்குத்தான் அதிக வோல்ட் வேண்டும் என்று பார்த்தோம்; வோல்ட் குறையும்போது முதலில் தளர்வதும் நீலமே. அடியில் தூய வெள்ளையாக இருக்கும் வாள் நுனியில் மஞ்சளோடிக் கிடந்தால், எங்கே வோல்ட் தொலைகிறது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. தடித்த கம்பி, இறுக்கமான இணைப்புகள், 15 ஆம்பியரை அஞ்சாமல் தரக்கூடிய செல், பிரகாசத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எல்லாம் இங்கே தேவைப்படுகின்றன. ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு செல், ஒரு சுவிட்ச் உள்ள வாளில் விளக்கு எரியாவிட்டால் நான்கு இடங்களைத் தேடினால் போதும். பிக்சல் வாளில் பழுது சால்டரிலா, தரவுக் கம்பியிலா, மென்பொருளிலா என்று புதியவரால் பிரித்தறிவது கடினம். முதல் வாளுக்கு அடியொளியைச் சிபாரிசு செய்வதற்கு விலையைவிட இதுவே என் காரணம்.

சத்தத்தையும் இரண்டாம் வாளுக்குத் தள்ளிவைக்கலாம். படத்தின் அந்த உறுமலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், டிவிப் படக்குழாயருகே மைக் கொண்டுபோனபோது கிடைத்த இரைச்சலையும் கலந்து செய்தார். பிறகு அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசி வீசி மறுபதிவு செய்தார். வீச்சின்போது சுருதி ஏறி இறங்கியது டாப்ளர் விளைவால். இன்றைய சவுண்ட் போர்டுகள் பிடியின் சுழற்சியை ஒரு நுண் உணரியால் அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டே உண்டாக்குகின்றன. அதை எந்தப் பிடியிலும் பின்னால் சேர்த்துக்கொள்ள இடம் விட்டுச் செய்தால் சரி.

அடியொளி வாள் பழசாகிப்போன முறை, கற்றுக்கொண்டதும் தூக்கிப் போட வேண்டியதுதானே என்றும் சிலர் சொல்வார்கள். பிரான்சின் வாள்வீச்சுக் கூட்டமைப்பு 2019-இல் ஒளிவாள் சண்டையைத் தன் விளையாட்டுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வேறு பல நாடுகளிலும் மோதிப் பயிலும் குழுக்கள் இருக்கின்றன. மோதலில் பிக்சல் பட்டையின் ஒரு சால்டர் புள்ளி விட்டுப்போனால், அதற்கு மேலிருக்கும் எல்இடிகளுக்குத் தரவு போகாமல் பாதி அலகு இருண்டுவிடும், அல்லது கண்டபடி நிறம் காட்டும். அடியொளி வாளின் குழாய்க்குள் உடைய ஒன்றுமில்லை, தாளும் நுனித் தகடும் மட்டும். எல்இடி அடி படாத இடத்தில், பிடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கீறிப்போன குழாயை ஒரு திருகைத் தளர்த்தி உருவிவிட்டு, அதே தாளை அடுத்த குழாயில் சுருட்டிச் செருகி ஆட்டத்தைத் தொடர்கிறார்கள்.